ஐம்பது நிமிசத்து மாமாங்கம்

மாமாங்கண்ணைக்குப் பந்தடிக்கத் தெரியாது. இதை நான் முதலே சொல்லிப்போடுறன். இப்ப இஞ்சை டென்மார்க்கிலை, ஹோர்சன்ஸ் ஊரிலை எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், அந்தாள் ஊரிலை பெரிய விளையாட்டுக்காரனாய் இருந்தவர், மட்டக்களப்பு அணிக்கு ஆடினவர் எண்டு ஒருத்தர் மாறி ஒருத்தர் அளந்துகொண்டிருக்கினம். பச்சைப் பொய். அவர் மட்டக்களப்பு பஸ் ஸ்ராண்டிலை ரைம் கீப்பராய் இருந்தவர். எந்த பஸ் எத்தினை மணிக்கு வெளிக்கிட்டது, எத்தினை நிமிசம் பிந்தினது எண்டு கொப்பியிலை எழுதிறதுதான் அவற்றை வேலை. வலது முழங்கால் வேறை அப்பவே பழுது.

நான் ஏன் இவ்வளவு கடுமையாய்ச் சொல்லுறன் எண்டால், எங்களுக்கு நடந்த காரியங்களிலை எது எதாலை வந்தது எண்டு எனக்கு இண்டைவரைக்கும் சரியாய் விளங்கேல்லை. இந்த வருசம், 93 தை மாதம், எங்கடை பைலுகளாலை இஞ்சத்தை அரசாங்கமே விலகிப்போச்சு. ஒரு அரசாங்கம் விழுகிற அளவுக்கு நாங்கள் என்ன பெரிய ஆக்களோ? அதுவும் விளங்கேல்லை. இப்பிடி விளங்காத கதைக்குள்ளை பொய்யையும் கலந்துவிட்டால் பிறகு மனிசன் எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?

1987 புரட்டாதியிலை, அகதியாய் வந்த நாங்கள் ஹோர்சன்ஸிலை ஒரு தொழில்நுட்பப் பள்ளிக்கூடத்திலை படிச்சுக்கொண்டிருந்தம். காலமை டெனிஷ் பாஷை, மத்தியானம் வெல்டிங். பள்ளிக்கூடங்களுக்கு இடையிலை ஏழு பேர் ஆடுற உதைபந்தாட்டப் போட்டி ஒண்டு நடக்கிறது. எங்கடை பள்ளிக்கூடத்து டெனிஷ் பெடியள் எல்லாம் கைப்பந்துப் பைத்தியங்கள், ஒருத்தனும் பேர் குடுக்கேல்லை. அதாலை தமிழ்ப் பெடியள் ஒன்பது பேர் பேர் குடுத்தம். நான், நிக்கலஸ், கோலுக்கு நிண்டனான். முன்னுக்கு நிண்டது கோணேசன். பின்னுக்கு மறிச்சது சிவானந்தன், அவன் ஆளும் பெரிசு வாயும் பெரிசு.

பள்ளிக்கூடத்துக்குச் சொந்த மைதானம் கிடையாது. ஊர்க் கழகத்தின்ரை சரளை மைதானத்தை வியாழக்கிழமையிலை மட்டும் தந்தவங்கள். நாலு மணிக்குத் தொடங்கினால் நாலு ஐம்பதுக்கு முடிக்க வேணும். எங்களுக்கு முன்னாலை கழகத்துச் சின்னப் பிள்ளையள், பின்னாலை கழகத்துப் பொம்பிளையள். மைதானத்தைப் பார்க்கிற டெனிஷ்காரர் கேற்றைப் பூட்டத் திறப்புக் கோர்வையோடை வாசலிலை வந்து நிப்பார். நாலு ஐம்பத்தொண்டுக்கு அவற்றை முகம் மாறும். கிழமைக்கு ஐம்பது நிமிசம், அவ்வளவுதான். மற்றப் பள்ளிக்கூடங்களுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கிடைச்சது.

மாமாங்கண்ணையும் எங்களோடை படிச்சவர்தான், ஆனால் வயசு முப்பத்தைஞ்சு. முதல் வியாழக்கிழமை அவர் பந்தடிக்க வரேல்லை, சும்மா வந்தவர். அறையிலை இருந்தால் யோசினை வரும் எண்டு வந்தவர். பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாய் நிண்டு, ஒரு கடித உறையின்ரை பின்பக்கத்திலை என்னவோ எழுதிக்கொண்டு நிண்டார். நாலு ஐம்பதுக்கு நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியிலை வர, அதை வாசிச்சுக் காட்டினார்.

"ஆர் எந்தப் பக்கம் எண்டு பிரிச்சது பன்ரண்டு நிமிசம். சப்பாத்துக் கட்டினது ஆறு. வேலிக்கு அங்காலை போன பந்தை எடுக்கப் போனது ஏழு. கோணேசனும் சிவானந்தனும் சண்டை பிடிச்சது பன்ரண்டு. பந்து உருண்டது பதின்மூண்டு நிமிசம்."

எனக்குச் சரியான கோவம் வந்திட்டுது. குளிருக்கை நிண்டு விளையாடினது நாங்கள், கோட்டுக்குள்ளை கையை வைச்சுக்கொண்டு குறை பிடிக்க இவர் ஆர்? நான் கேட்டேபோட்டன். "அண்ணை, அவ்வளவு தெரிஞ்சால் நீங்களே வந்து பழக்குங்கோவன்." நக்கலுக்குத்தான் கேட்டனான். அந்தாள் அதை நக்கலாய் எடுக்கேல்லை. "ஓம், வாறன்" எண்டார்.

அண்டையிலையிருந்து எங்களுக்குச் சனி பிடிச்சுது. அவற்றை சட்டம் ஒண்டே ஒண்டுதான்: பந்து தேவைப்படாத எந்த வேலையையும் மைதானத்திலை செய்யக் கூடாது. சப்பாத்தை அறையிலை கட்டிக்கொண்டு வா. பக்கம் பிரிக்கிறதைப் பள்ளிக்கூடத்திலை பிரிச்சுக்கொண்டு வா. ஓடிப் பழகிறதோ? சைக்கிளிலை வாறாய்தானே, எதிர்க்காத்துக்கு மிதி, அதுதான் ஓட்டம். சண்டை பிடிக்க ஆசையெண்டால் புதன்கிழமை வந்து பிடி.

புதன்கிழமை எண்டது எங்கடை விடுதிச் சமையலறை. பின்னேரம் எல்லாரும் சமைக்க வருவம். மாமாங்கண்ணை மேசையிலை ஏழு வெங்காயம் வைப்பார், அது நாங்கள். எதிரணிக்கு ஏழு உருளைக்கிழங்கு. உப்புப் போத்தல் பந்து. ஒவ்வொரு வெங்காயமாய் நகர்த்தி, "இப்ப பந்து இஞ்சை, நீ எங்கை?" எண்டு கேட்பார். பதில் பிழையெண்டால் திரும்பவும் முதலிலையிருந்து. கோலுக்கு நிண்ட வெங்காயத்தை, அதாவது என்னை, ஒருநாள் சிவானந்தன் சம்பலுக்கு அரிஞ்சுபோட்டான். அண்டைக்கு மட்டும்தான் மாமாங்கண்ணை அந்தச் சமையலறையிலை சிரிச்சதை நான் கண்டனான்.

மைதானத்திலை அவர் பழக்கினது மூண்டே மூண்டு விசயம். பந்தைக் கையாலை எறியிறது, மூலையிலையிருந்து அடிக்கிறது, பந்து எதிரியிட்டைப் போனால் முதல் ஐஞ்சு அடி எந்தப் பக்கம் ஓடுறது. இதையே மாரி முழுக்கத் திருப்பித் திருப்பிச் செய்தம். கோலுக்கு அடிச்சுப் பழக விடவே மாட்டார். கோணேசன் வாய் விட்டுக் கேட்டான். "அது எல்லாருக்கும் ஆசையான வேலை தம்பி. ஆசையான வேலைக்கு நான் நேரம் ஒதுக்கத் தேவையில்லை, நீங்கள் களவாயெண்டாலும் செய்வீங்கள்" எண்டார். அது உண்மைதான். அவர் அங்காலை திரும்பினால் நாங்கள் கோலுக்கு அடிச்சம்.

வேலிக்கு அங்காலை பந்து போனால் எடுக்க ஆளில்லை எண்டு, மைதானக்காரரிட்டைக் கை பாஷையிலை கதைச்சு ஒரு சாக்குப் பழைய பந்து வாங்கி ரெண்டு கோலுக்குப் பின்னாலையும் வைச்சார். ஒரு பந்து போனால் அடுத்தது வரும். மார்கழி மாதத்திலை பந்து உருண்ட நேரம் நாப்பத்தொரு நிமிசம். அதையும் எழுதி வைச்சிருந்தவர்.

இவ்வளவு நேரம் பார்க்கிற மனிசனுக்கு ஒரு இடத்திலை மட்டும் நேரம் ஓடவே இல்லை. அவற்றை மனிசி மனோரஞ்சிதம் கொழும்பிலை ஒரு லொட்ஜிலை இருந்தவ. அவவை இஞ்சை கூப்பிட 87 ஐப்பசியிலை விண்ணப்பம் போட்டவர். அணிப் பெடியளிலையும் ஆறு பேர் அப்பிடிப் போட்டவை, சிவானந்தனும் கோணேசனும் உட்பட. ரெண்டு மூண்டு மாதத்திலை வரும் எண்டு சொன்னாங்கள். மாமாங்கண்ணை கலியாணம் கட்டி ஒன்பது மாதத்திலை வெளிக்கிட்டவர். கூப்பிட்டால் உடனை வெளிக்கிட வசதியாய் இருக்கும் எண்டு மனிசியை மட்டக்களப்பிலையிருந்து கொழும்புக்கு எடுத்து வைச்சிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலை தெருவிலை இருக்கிற ரெலிபோன் கூட்டுக்குள்ளையிருந்து லொட்ஜுக்கு அடிப்பார். தை போச்சு, மாசி போச்சு, பங்குனி போச்சு. கடிதப் பெட்டியிலை ஒண்டும் இல்லை. ஏன் எண்டு கேட்க ஆள் இல்லை, கேட்டாலும் பதில் விளங்கேல்லை.

88 வைகாசியிலை நாங்கள் கப் எடுத்தம். இறுதி ஆட்டத்திலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பெடியளை ரெண்டுக்கு ஒண்டு எண்டு வெண்டம். அவங்கள் ஒவ்வொருத்தரும் எங்களை விட ஒரு முழம் உயரம். ரெண்டு கோலும் மூலையடியிலையிருந்து வந்தது, ரெண்டையும் அடிச்சது கோணேசன். அவனுக்கே எப்பிடி அடிச்சனான் எண்டு தெரியாது, வெங்காயம் எங்கை நிக்க வேணுமோ அங்கை நிண்டனான், பந்து வந்து காலிலை பட்டது எண்டான். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதுக்கு முதல் ஒரு கப்பும் கிடைச்சதில்லை. ஊர்ப் பத்திரிகையிலை கோணேசன் கப்போடை நிக்கிற படம் வந்தது.

பள்ளிக்கூடத்து அதிபர் நல்ல மனிசன். மாமாங்கண்ணையைக் கட்டிப் பிடிச்சு, உங்களுக்கு நான் என்ன செய்யலாம் எண்டு கேட்டார். சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டிருப்பார். மாமாங்கண்ணை யோசிக்கவே இல்லை. "ஒரு கடிதம்" எண்டார்.

இதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கடை நாட்டிலை பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை சேர்க்கிறதெண்டால் பெரிய ஆள் ஒருத்தற்றை கடிதம் வேணும். வேலைக்கு வேணும், இடமாற்றத்துக்கு வேணும், ரெலிபோன் எடுக்கக்கூட வேணும். விண்ணப்பம் எண்டது சும்மா காகிதம், கடிதம்தான் அதை மேசையிலையிருந்து கிளப்பும். அந்தப் புத்தியோடைதான் நாங்கள் எல்லாரும் டென்மார்க்கிலை வந்து இறங்கினனாங்கள். அதிபருக்குத் தலையும் விளங்கேல்லை, காலும் விளங்கேல்லை. "விண்ணப்பம் குடுத்திட்டீங்கள்தானே, பிறகு என்னத்துக்கு என்ரை கடிதம்?" எண்டு என்னட்டைக் கேட்டார். அந்தக் கூட்டத்திலை கொஞ்சம் டெனிஷ் தெரிஞ்சவன் நான்தான். நானும் என்னவோ சொல்லிச் சமாளிச்சன்.

அதிபர் ஒரு பக்கக் கடிதம் எழுதித் தந்தார். இந்த மனிதர் ஐம்பது நிமிடத்தில் செய்ததை எங்கள் ஆசிரியர்கள் ஒரு ஆண்டில் செய்வதில்லை எண்டு எழுதியிருந்தார். நான் அதைத் தமிழிலை சொல்லச் சொல்ல மாமாங்கண்ணை தலையைக் குனிஞ்சுகொண்டு கேட்டார். "இது போதுமோ தம்பி?" எண்டார். "தாராளம் அண்ணை. இதைக் கண்டால் உடனை விடுவாங்கள்" எண்டன். எனக்கு எப்பிடித் தெரியும்? தெரியாது. ஆனால் சொன்னன்.

ஆறு கிழமை கழிச்சுப் பதில் வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. ரெண்டு வரி.

ஆவணியிலை கோணேசன்ரை மனிசி நிரஞ்சலா வந்து இறங்கினா. அவனுக்கு மட்டும் எப்பிடி வந்தது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அவன் கொஞ்சம் முந்திப் போட்டவனோ, வேறை மேசைக்குப் போச்சோ, ஆரோ கண் மயங்கிக் கையெழுத்து வைச்சானோ. அண்டு புதன்கிழமை சமையலறையிலை எல்லாரும் கூடி ஆராய்ஞ்சம். கடிதம் மாமாங்கண்ணைக்குத்தான் இருந்தது, ஆனால் விசா கோணேசனுக்கு வந்திருக்கு. வித்தியாசம் என்ன? சிவானந்தன்தான் கண்டுபிடிச்சான். "அவன்ரை படம் பேப்பரிலை வந்தது. ரெண்டு கோல் அடிச்சவன். இவங்கள் கோல் அடிச்சவனைத்தான் பார்க்கிறாங்கள்." ஒருத்தரும் சிரிக்கேல்லை. எனக்கும் அது நியாயமாய்த்தான் பட்டது. அந்த நேரம் எங்களுக்கு இருந்த ஒரே விளக்கம் அதுதான்.

அதோடை எங்கடை அணி நாசமாய்ப் போச்சு. அடுத்த பருவம் தொடங்கினவுடனை, மனிசிமாரைக் கூப்பிடப் போட்டிருந்த ஐஞ்சு பேருக்கும் கோல் அடிக்க வேணும். பின்னுக்கு நிக்கிற சிவானந்தன் மைதானத்தின்ரை பாதி தாண்டிப் போய் நிண்டான். பந்தை ஒருத்தன் மற்றவனுக்குக் குடுக்க மாட்டான், குடுத்தால் தன்ரை மனிசி பிந்திப்போவா. நான் கோலிலை நிண்டு பார்த்தால் எனக்கு முன்னாலை ஆக்களே இல்லை, முதுகுதான் தெரிஞ்சது. முதல் ஆட்டத்திலை எனக்கு ஆறு கோல் விழுந்தது. கத்திக் கத்தி என்ரை தொண்டை கட்டிப்போச்சு.

மாமாங்கண்ணை மூண்டு வியாழக்கிழமை பொறுத்துப் பார்த்தார். வெங்காயத்தை வைச்சுக்கொண்டு மேசைக்கு முன்னாலை தனிய இருந்தார், ஒருத்தனும் வரேல்லை. நாலாவது வியாழக்கிழமை மைதானத்துக்கு அவர் வந்தபோது கோட்டுப் போடேல்லை. கட்டைக் காற்சட்டை போட்டு, முழங்காலுக்குத் துணி சுத்திக்கொண்டு வந்தார். வந்து, "நான் இனி முன்னுக்கு நிக்கப்போறன்" எண்டார். பிறகு ஐம்பது நிமிசத்திலை இருபது நிமிசம் மூலையடி எல்லாம் தனக்கு அடிக்கச் சொன்னார். அவர் காலைத் தூக்க முதல் பந்து போயிடும். திரும்ப அடி எண்டுவார். திரும்பவும் போயிடும்.

நான் பொறுக்கேல்லை. மைதானத்துக்கு நடுவிலை போய் நிண்டு கேட்டன். "அண்ணை, இந்த இருபது நிமிசத்தை உங்கடை கொப்பியிலை என்னெண்டு எழுதுவீங்கள்?"

அவர் குனிஞ்சு துணியைச் சரி செய்தார். "பயிற்சி குடுத்தவனை ஆர் தம்பி பார்க்கினம்? அடிச்சவனைத்தான் படம் பிடிக்கிறாங்கள். என்ரை பேரும் ஒருக்கால் வந்தால் போதும், பிறகு நான் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரத்திலை நிக்கிறன்."

கோவத்தோடை போனனான், திரும்பி வந்து கோலுக்குள்ளை நிண்டன். எனக்கு அந்தாளைப் பார்க்கப் பாவமாயும் கிடந்தது, எரிச்சலாயும் கிடந்தது.

அந்த ஐப்பசியிலைதான் அது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாங்கண்ணை ரெலிபோன் கூட்டுக்குள்ளையிருந்து கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். நான் வெளியிலை சைக்கிளோடை நிண்டனான். மனோரஞ்சிதம் அக்காவின்ரை தாய்க்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலை கடுமையாம். மகளைக் கேட்டு அழுகுதாம். அக்கா ஒரு கிழமை போயிட்டு வரட்டோ எண்டு கேட்கிறா. சண்டையாலை பாதையும் அப்ப சரியில்லை, போனால் திரும்பி வர ஒரு கிழமையோ ஒரு மாதமோ தெரியாது. ரெலிபோனைக் கையாலை பொத்திக்கொண்டு அவர் என்னட்டைக் கேட்டார். "நீதான் பாஷை தெரிஞ்சவன். என்ன செய்யலாம்?"

நான் சொன்னன். "இப்ப போக வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. கொழும்பிலை இருக்கிற டெனிஷ் அலுவலகத்திலையிருந்து கூப்பிடேக்கை ஆள் இல்லையெண்டால் பைல் அடியிலை போயிடும். பிறகு வரிசையிலை முதலிலையிருந்து நிக்க வேணும்."

இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் எங்கையும் வாசிக்கேல்லை. அவர் என்ரை வாயைப் பார்த்துக்கொண்டு நிண்டார், எனக்குத் தெரியாது எண்டு சொல்ல வெட்கமாய் இருந்தது, அதாலை சொன்னன். நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் அவர் ரெலிபோனிலை திருப்பிச் சொன்னார். நான் வெளியிலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டன். கார்த்திகை ரெண்டாம் கிழமை தாய் செத்துப்போனா. செத்தவீட்டுக்குப் போகட்டோ எண்டு அக்கா திரும்பவும் கேட்டிருக்கிறா. அதுக்கு அவர் என்னட்டை வரேல்லை. அதே பதிலைத் தானே சொல்லிப்போட்டார்.

அதுக்கு அடுத்த சனிக்கிழமை அவர் கோல் அடிச்சார். விவசாயப் பள்ளிக்கூடத்தோடை ஆட்டம், மழை, சரளை முழுக்கச் சேறு. மூலையடி வந்து அவற்றை பழுதான முழங்காலிலை பட்டு உள்ளுக்கை போச்சு. ஆளும் விழுந்திட்டார். எழும்பேலாமல் கிடந்துகொண்டு, "பேப்பர்க்காரன் நிக்கிறானோ?" எண்டு கேட்டார். நிக்கேல்லை. நான் பத்திரிகைக் கந்தோருக்கு நடையாய் நடந்து, அடுத்த கிழமை ரெண்டு வரியிலை அவற்றை பேரை வரப் பண்ணினன். அந்த ரெண்டு வரியையும் வெட்டி ஒட்டி, இன்னொரு கடிதம் நானே எழுதி அனுப்பினன். ரெண்டு வரிப் பதில் வந்தது. அதே ரெண்டு வரி. அண்டு நொந்த கால் பிறகு நேராகவே இல்லை, இப்பவும் அவர் நொண்டித்தான் நடக்கிறார்.

89 இளவேனிலிலை ஒருநாள் டெனிஷ் படிப்பிக்கிற ரீச்சர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து எனக்கு முன்னாலை வைச்சா. அவவின்ரை முகம் சிவந்திருந்தது. நான் ஒருக்கால் வாசிச்சன், விளங்கேல்லை. ரெண்டாந்தரம் வாசிச்சன், விளங்கினது சரியோ எண்டு சந்தேகமாய் இருந்தது. மூண்டாந்தரம் அவவே வாசிச்சுச் சொன்னா. தமிழ் ஆக்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கச் சொல்லி மேலை நீதி மந்திரியிட்டையிருந்து உத்தரவு. 87 புரட்டாதியிலையிருந்து. அதாவது மாமாங்கண்ணை விண்ணப்பம் போட முதலே.

மத்தியான இடைவேளையிலை அவரிட்டைச் சொன்னன். வெல்டிங் முகமூடியை நெத்திக்குத் தூக்கிவிட்டபடி கேட்டார்.

"அப்ப வரிசை ஒண்டும் இல்லையோ?"

"இல்லையாம்."

"கோல் அடிச்சதும் அடியாததும்?"

"எல்லாம் ஒண்டுதான் அண்ணை. ஒண்டையும் தொடேல்லையாம்."

முகமூடியைக் கழட்டிக் கையிலை வைச்சார். பிறகு, "அதிபற்றை கடிதத்தையுமோ? அந்த மனிசன் எவ்வளவு மினக்கெட்டு எழுதித் தந்தவர்" எண்டார். அந்த நேரத்திலையும் அவருக்கு அதுதான் வெட்கமாய் இருந்தது. "அப்ப கோணேசனுக்கு?" எண்டு பிறகு கேட்டார். எனக்குத் தெரியாது எண்டன். அந்த ஒரு முறைதான் அவரிட்டை நான் உண்மையைச் சொன்னனான்.

உத்தரவை அப்ப எடுத்தாச்சாம், பைலுகள் அசையத் தொடங்கினது. ஆவணி மாதம் மனோரஞ்சிதம் அக்கா ஹோர்சன்ஸ் ஸ்ரேசனிலை வந்து இறங்கினா. மெலிஞ்ச ஆள், கையிலை ஒரு சின்ன சூட்கேஸ். மாமாங்கண்ணை நொண்டிக்கொண்டு போய்ப் பெட்டியை வாங்கினார். நாங்கள் இத்தினை பேரும் அவையைச் சுத்தி நிண்டம்.

அடுத்த நாள் பின்னேரம் அணி முழுக்க அவையின்ரை வீட்டிலை தேத்தண்ணிக்குப் போனம். அக்கா எங்கள் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டா. அவர் எழுதின கடிதங்களிலை எங்கடை சேதியைத் தவிர வேறை ஒண்டும் இருக்கேல்லையாம். மனிசி சிரிச்சுச் சிரிச்சுத்தான் கதைச்சுக்கொண்டிருந்தா. சிவானந்தன்ரை வாய்தான் சும்மா கிடக்காதே. "என்ன அக்கா, இவர் ஒண்டும் சொல்லேல்லையோ? பேப்பரிலை எல்லாம் வந்ததே. நாங்கள் கோல் அடிச்சதும் வீண், கடிதம் போட்டதும் வீண். எல்லாற்றை பைலையும் ஒண்டாய்க் கட்டி ஒதுக்கி வைச்சிருந்தவங்கள். அந்த ஒண்டரை வருசமும் ஆரையும் கூப்பிடுற எண்ணமே அவங்களுக்கு இருக்கேல்லை."

மாமாங்கண்ணை அவவுக்கு அதைச் சொல்லேல்லை எண்டு அப்பதான் எனக்கு விளங்கினது. அக்கா கோப்பையை மேசையிலை வைச்சா.

"அப்ப நான் கொழும்பை விட்டுப் போயிருந்தாலும் ஒண்டும் நடந்திராது?" அவ சிவானந்தனைக் கேட்கேல்லை, தன்ரை மனிசனைத்தான் கேட்டா.

"நடந்திராது" எண்டார்.

"அம்மாவைப் பார்த்திருக்கலாம்."

"ஓம். பார்த்திருக்கலாம்."

"நான் ரெண்டு தரம் கேட்டனான். ஆள் இல்லையெண்டால் பைல் அடியிலை போயிடும் எண்டு சொன்னியள். உங்களுக்கு உதெல்லாம் தெரியாதே. உங்களுக்கு ஆர் அப்பிடிச் சொன்னது?"

என்ரை கையிலை கோப்பை. நான் மாமாங்கண்ணையைப் பார்த்தன், அவர் என்னைப் பார்க்கேல்லை. என்ரை பக்கம் தலையைக்கூடத் திருப்பேல்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை" எண்டார். "நான்தான் யோசிச்சுச் சொன்னனான்."

அக்கா எழும்பி அறைக்குள்ளை போனா. அவ அழுத சத்தம் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் ஒவ்வொருத்தராய் எழும்பி வந்திட்டம். அதுக்குப் பிறகு கனகாலம் அவ அவரோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. அவர் அதைப் பற்றி என்னட்டை ஒரு சொல் கதைச்சதில்லை, நானும் வாயைத் திறக்கேல்லை. இண்டைக்கு வரைக்கும் திறக்கேல்லை.

இப்ப ஒவ்வொரு மார்கழியும் நத்தார்ப் பண்டிகைக்கு மனோரஞ்சிதம் அக்கா எங்கடை வீட்டுக்குப் பலகாரம் கொண்டு வருவா. போன முறையும் வந்து, மாமாங்கண்ணை பக்கத்திலை இருக்கத்தக்கதாய் என்னட்டைச் சொன்னா. "தம்பி நிக்கலஸ், நீங்கள் பாஷை தெரிஞ்ச மனிசன். அண்டைக்கு இந்தாள் உங்களிட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் என்ரை அம்மாவின்ரை முகத்தைப் பார்த்திருப்பன்."

மாமாங்கண்ணை தட்டை என்ரை பக்கம் தள்ளினார். நான் "ஓம் அக்கா" எண்டு சொல்லிப்போட்டு, ஒரு பலகாரத்தை எடுத்துத் தின்னத் தொடங்கினன்.